சப்டைட்டில் இல்லாமல் பார்த்த படங்கள்

ரிமோட் சுவரில் பட்டு இரண்டாகத் திறந்துகொண்டது. பேட்டரி ஒன்று உருண்டு அலுமாரிக்குக் கீழே போனது.

டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே மாத்தளையின் பின்னேர மழை. என் கணவர் சேவியர் இடது கையால் ரிமோட்டை எறிந்துவிட்டு, எறிந்த கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் ஒரு தம்ளரைக்கூடத் தூக்கி எறிந்ததில்லை.

"என்னங்க, சத்தம் கூடிப்போச்சா? வேற சேனல் போடவா?"

"அப்புறம்," என்றார்.

அந்த நாட்களில் அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அப்புறம். வேண்டாம் என்றாலும் அப்புறம். வலிக்கிறதா என்று கேட்டாலும், மகளின் பெயர் என்ன என்று கேட்டாலும் அதே அப்புறம்தான். சொல்லிவிட்டு, தான் சொல்ல வந்தது அது இல்லை என்று தெரிந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

பாரிசவாதம் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. மற்றவர்கள் வேகமாகப் பேசினால் விளங்குவதும் குறைந்து போயிருந்தது. எங்கள் வீட்டு டிவியில் மெதுவாகப் பேசுகிறவர்கள் யாருமே இல்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டு மழைக்காலத்தைப் பற்றி எழுதியபோது, "இப்போதெல்லாம் நாங்கள் வெளிநாட்டுப் படங்கள்தான் பார்க்கிறோம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். என்னென்ன படங்கள், பார்க்கத் தகுந்தவையா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த ரிமோட்டிலிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும்.

குரலைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்

சேவியரை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன்.

வஹகோட்டைக் கோயில் திருநாள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஒலிபெருக்கியில் ஒருவர், காணாமல் போன பிள்ளைகளையும் குடைகளையும் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறி அறிவித்துக்கொண்டிருந்தார். "கறுப்புக் குடை ஒன்று தனியா நின்னு அழுதுகிட்டிருக்கு, சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்ததற்கு அம்மா என்னைக் கிள்ளினார்.

சேவியர், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். சீகிரியா மலைக்கோட்டையில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். ஜெர்மன் மொழியைப் புத்தகத்தில் படிக்கவில்லை, வந்த விருந்தினர்களின் வாயிலிருந்தே பிடித்துக்கொண்டார். மலையேறும்போது மற்ற வழிகாட்டிகளின் ஆட்கள் மூச்சு வாங்குவார்கள். இவருடைய ஆட்கள் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள் என்று சுனில் சொல்வார்.

சுனிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீகிரியா கிராமத்துக்காரர். சோளமும் வெங்காயமும் போடுவார், மிச்ச நேரத்தில் வழிகாட்டி. இவரும் அவரும் ஒரே மரத்தடியில் விருந்தினர்களுக்காகக் காத்திருந்து, ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு வளர்ந்த சினேகம். இருவரும் பேசத் தொடங்கினால் இடையில் மூன்றாவது ஆள் ஒரு வார்த்தை வைக்க முடியாது.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு காலையில், முகம் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, பேச்சு நின்றுபோனது.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். மாடு. வீடு. வாழைப்பழம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு ராஜாவின் கதையைச் சொல்லி நிற்க வைத்தவர், வாழைப்பழத்தின் முன்னால் வியர்த்துப்போய் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே மாட்டார்.

மனிதர்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். யாராவது வாசலில் வந்தால் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சுனில் மூன்று தடவை தம்புள்ளையில் பஸ் மாறி வந்தார். மூன்று தடவையும் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைசித் தடவை கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, சிறு பிள்ளையிடம் பேசுவதுபோல் சத்தமாக, "மச்சான், நான் சுனில், சு-னில்" என்றார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அவர் நல்ல எண்ணத்தில்தான் கத்தினார். ஆனால் எனக்கே அன்று கோபம் வந்தது.

கறுப்பு டிஸ்க்

ரிமோட்டுக்கு வருவோம்.

பக்கத்து வீட்டு பரீனாதான் அதை எடுத்து ஒட்டுப்போட்டுத் தந்தார். கலியாண பிளவுஸ் தைப்பவர், தைப்பதை வீடியோ எடுத்துப் போடுபவர். போன், கம்ப்யூட்டர் எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. நான் காலையில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு அலுவலகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போகும்போது இவரை எட்டிப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

"அக்கா, அண்ணனுக்குப் பேச்சு வேகமா இருந்தா தலை சுத்தும்போல. பேச்சு கம்மியா உள்ள படம் ஏதும் போட்டுப் பார்ப்போமே?"

"தமிழ்ப் படத்துல பேச்சு கம்மியா எங்க இருக்கு?"

"தமிழ்லதான் இருக்கணுமா?"

அப்போதுதான் அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க் நினைவு வந்தது. இவரோடு பல தடவை மலையேறிய ஒரு வயதான ஜெர்மன் அம்மா, தன் ஊரில் ஒரு சின்னப் படக்கொட்டகை நடத்துபவர். உலகத்தின் பல நாடுகளிலிருந்து, பெரிய கம்பெனிகள் எடுக்காத படங்களாகத் தேடிப் பிடித்துப் போடுவாராம். ஒரு வருஷம் வந்தபோது அவற்றில் தனக்குப் பிடித்ததையெல்லாம் அந்த டிஸ்க்கில் போட்டு இவர் கையில் கொடுத்திருந்தார். இவர் அதை அலுமாரியில் வைத்தார். நாள் முழுவதும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் அவர்களைப் பார்க்க என்ன ஆசை இருக்கும்?

பரீனா டிஸ்க்கை டிவியில் செருகினார். பெயர்கள் ஒன்றும் வாசிக்க முடியாத எழுத்துகள். "கண்ண மூடிட்டு ஒன்னு போடுங்க" என்றேன்.

பனி. ஒரு ஏரி. ஏரிக்கரையில் விருந்தினர் தங்குகிற ஒரு சின்ன வாடி வீடு, குளிர்காலத்துக்கு மூடிக்கிடக்கிறது. கணவன் ஒரு படகைக் கவிழ்த்துப்போட்டுச் சாயம் பூசுகிறான். மனைவி உள்ளே நடமாடுகிறாள். பேசினார்கள். என்ன மொழி என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. திரையில் எழுத்தும் வரவில்லை.

"இது என்ன கூத்து, நிறுத்திடுங்க" என்று நான் எழுந்தேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சேவியர். கண் திரையில் இருந்தது. பரீனா என்னைப் பார்த்தார், நான் பரீனாவைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் பாதியில் மனைவி ஒரு பையோடு வெளியே போகிறாள். கடைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். கணவன் சாயம் பூசிக்கொண்டே இருக்கிறான். பொழுது சாய்கிறது. அவள் வரவில்லை. படம் முடியும்போது அவன் இரண்டு தட்டு வைத்து, பிறகு ஒன்றை எடுத்து வைக்கிறான்.

"ஏன், அவ எங்க போனா? கடைக்குத்தானே போனா?" என்று பரீனாவிடம் கேட்டேன்.

சேவியர் என் கையைத் தட்டினார். பிறகு தன் இடது கையை உயர்த்தி ஊற்றுவதுபோல் காட்டினார். ஊற்றி, நிறுத்தாமல் ஊற்றி, வழிவதுபோல் கையைத் தரைக்குக் கொண்டுபோனார்.

எங்களுக்கு விளங்கவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டச் சொல்லிச் சைகை காட்டினார். ஓட்டினோம். அவள் புறப்படுவதற்கு முன், ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறாள். தொட்டி நிறைந்து, தட்டு நிறைந்து, பலகையில் வழிந்து, தரையில் சொட்டுகிற வரைக்கும் விடுகிறாள். நாளைக்கு ஊற்ற அவள் இருக்கமாட்டாள்.

"யா அல்லாஹ்," என்றார் பரீனா. "நான் பார்த்துகிட்டுத்தானே இருந்தேன்!"

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எனக்குத் தெரியாத மொழியின் வார்த்தைகளுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவருக்கோ எல்லா மொழியும் அப்போது அதே நிலையில்தான் இருந்தது. இவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அந்த வீட்டில் அன்றைக்குப் பேச்சு விளங்காதவர்கள் மூன்று பேர். அதில் படம் விளங்கியவர் ஒருவர்.

சேவியர் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

எழுத்தை எடு

அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து நான் வந்தபோது டிவி முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டுத் தயாராக இருந்தன. அதிலிருந்து அது வழக்கமாகிப் போனது. மத்தியானச் சாப்பாடு, கொஞ்சம் கண்ணயர்வு, பிறகு ஒரு படம். பரீனா வேலை இல்லாத நாட்களில், "லுஹர் தொழுதுட்டு வாரேன், தொடங்கிடாதீங்க" என்று மதில் மேலிருந்து சொல்வார்.

சில நாட்களில் பரீனா, இங்கிலீஷ் சப்டைட்டில் வரவைக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பெரிய சாதனைபோல் போட்டுக் காட்டினார். சேவியர் ரிமோட்டை நீட்டி, "அப்புறம், அப்புறம்" என்று தலையை ஆட்டினார். எழுத்தை எடு என்கிறார்.

நான் கொஞ்சம் வாதாடினேன். எனக்கு வாசிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு படத்தை எழுத்தோடு பார்த்துவிட்டு யோசித்தால், எனக்கு அந்தப் பெண்ணின் முகமே ஞாபகம் வரவில்லை. படம் முழுக்க நான் திரையின் அடியைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். முதல் தடவை எழுத்தில்லாமல் பாருங்கள். இரண்டாம் தடவை வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்காது, எழுந்து போகத் தோன்றும். எழுந்து போகாதீர்கள். தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் முடிந்த பிறகு சண்டை போட முடியும்.

கிளினிக் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் அட்டைகளை மூடிவைத்தார். "படத்தை நிறுத்தி நிறுத்திக் கேளுங்க ரீட்டா அக்கா. இவன் கோபமா இருக்கானா, கவலையா இருக்கானான்னு ரெண்டுல ஒன்னு சொல்றமாதிரி கேளுங்க. அவரா சொல்ல வருவாரு, அவசரப்படுத்தாதீங்க" என்றார். கேட்டேன். தலையசைத்தார், விரல் காட்டினார். சொல் மட்டும் வாசல்வரை வந்து நின்றது.

பஸ் படம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரம். வாசலில் நிழல் விழுந்தது. சுனில். கையில் ஒரு பை சோளம்.

எனக்குத் திக்கென்றது. வழக்கம்போல் இவர் எழுந்து போய்விடுவார், படமும் கெட்டுவிடும். ஆனால் இவருடைய கண் திரையிலிருந்து அசையவில்லை. நான் ஓடிப்போய்ச் சுனிலிடம் சிங்களத்தில் கிசுகிசுத்தேன். எங்கள் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன், தங்கச்சி என்று அவர் என்னைக் கூப்பிடும் "நங்கி"யை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"அண்ணே, ஒரு வார்த்தை பேசக்கூடாது. வந்து உட்காருங்க, படத்தைப் பாருங்க, அவ்வளவுதான்."

"ஒரு வார்த்தைகூடவா, நங்கி?"

"ஒரு வார்த்தைகூட."

சுனில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல் வந்து, இவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த என் நாற்காலியில் உட்கார்ந்தார். சேவியர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முகம் இறுகியது. எழப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் திரையில் ஏதோ நடந்தது, திரும்பிக்கொண்டார்.

அந்தப் படத்தில் ஒரு துறைமுக ஊர். பஸ் ஓட்டுகிற ஒரு நடுவயதுப் பெண். ஒரு கிழவர் தினமும் ஏறுவார், கடைசித் தரிப்பு வரை போவார், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவார். வழியில் ஒரு நீலக் கதவு வீடு. அதைத் தாண்டும்போது மட்டும் கழுத்தைத் திருப்புவார். ஓட்டுகிறவள் இதைக் கவனிக்கிறாள். அந்த வீடு வந்தால் கொஞ்சம் மெதுவாக ஓட்டத் தொடங்குகிறாள். இப்படியே நாட்கள் போகின்றன. ஒரு நாள் அந்த வீட்டின் முன்னால் பஸ்ஸை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுகிறாள். கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் எதுவும் சொல்வதில்லை. பஸ்ஸே காத்திருக்கிறது. கிழவர் எழுந்திருக்கவில்லை.

"பஹின்ன," என்றார் சுனில் திரையைப் பார்த்து. "பஹின்னகோ!" இறங்குங்கள், இறங்குங்களேன் என்று அந்தக் கிழவரைக் கெஞ்சுகிறார். தான் பேசக்கூடாது என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது.

சேவியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுனிலின் தொடையில் ஒரு அடி போட்டார். மரத்தடியில் போடுகிற அதே அடி என்று சுனில் பிறகு சொன்னார்.

திரையில் கிழவர் இறங்கவில்லை. பின் சீட்டிலிருந்து, நாம் அதுவரை கவனிக்காத ஒரு பெண்மணி, சந்தைக் கூடையோடு இறங்கிப் போய் அந்த நீலக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. உள்ளிருந்து ஒரு கை மட்டும் தெரிகிறது. படம் முடிந்துவிட்டது.

சுனில் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கிற பார்வை. அவர் மெதுவாக எழுந்தார். "அப்ப நான் கிளம்புறேன், நங்கி. பஸ் இருக்கு."

சேவியரின் இடது கை அவருடைய சட்டையைப் பிடித்தது. வாய் திறந்தது. முகம் சிவந்தது. நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம்.

"யன்ன... எப்பா," என்றார்.

போகாதே.

தெளிவாக, சிங்களத்தில், இரண்டு சொல். சுனில் அப்படியே நாற்காலியில் விழுந்தார். பிறகு இரண்டு ஆண்களும் அழுதார்கள். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

குசினியில்

உண்மையைச் சொல்கிறேன். நான் அழுதது சந்தோஷத்தில் மட்டும் இல்லை.

குளிப்பாட்டியது நான். ஊட்டியது நான். ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருந்தது நான். வந்த முதல் சொல் எனக்கு இல்லை, என் பாஷையிலும் இல்லை. கேத்தல் கொதித்து மூடி ஆடிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டுப் பின்வாசல் வழியாக வந்த பரீனா என்னைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அதுக்கா அழுறீங்க? அக்கா, ஒங்களப் போகாதேன்னு அவரு ஏன் சொல்லணும்? நீங்க எங்கயாவது போறேன்னு சொன்னீங்களா? போறேன்னு எழும்பினது அந்த மனுசன்தானே."

அப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. மூக்கைச் சிந்திவிட்டுத் தேத்தண்ணியை ஊற்றினேன். சுனிலுக்கு மூன்று கரண்டி சீனி.

அவர் எனக்குச் சொன்ன முதல் சொல்

எனக்கும் ஒரு சொல் வந்தது. கொஞ்ச வாரங்கள் கழித்து.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமைப் படம் நிலைத்துவிட்டது. சுனில் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிடுவார். பரீனா சுடச்சுட எதையாவது மூடிக்கொண்டு வருவார். நால்வரும் உட்காருவோம்.

அன்றைக்கு வந்தது வெள்ளையடிக்கிற படம். ஒரு மனிதன் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கிறான். அடித்துக்கொண்டே இருக்கிறான். பிறகு உட்கார்ந்து அது காய்வதைப் பார்க்கிறான். நாங்களும் பார்த்தோம். ஒரு நாய் வந்தது, எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. நாய் போய்விட்டது. சுனில் குறட்டை விடத் தொடங்கினார்.

"சுண்ணாம்பு காயிறதப் பார்க்கவா அக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்றார் பரீனா.

"இருங்க, நல்ல படமாத்தான் இருக்கும். அந்த அம்மா சும்மா குடுத்திருக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் இவர் பக்கம் திரும்பி, "என்னங்க, நல்லா இருக்கா, நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

சேவியர் யோசித்தார். உதட்டைக் குவித்தார், விரித்தார்.

"மோசம்," என்றார்.

தமிழ். எனக்கே எனக்கு. எத்தனையோ ஜெபம் பண்ணியிருந்தேன். என் பெயரைச் சொல்வார், அல்லது மகளின் பெயரைச் சொல்வார் என்று கற்பனை பண்ணியிருந்தேன். கிடைத்தது ஒரு திரைப்பட விமர்சனம். நான் சிரித்த சிரிப்பில் சுனில் பதறி எழுந்து, "நாய் கடிச்சிருச்சா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நம்ம ஊர்ப் பேச்சு

வெளிநாட்டுப் படங்களைப் பற்றியே சொல்லி வருகிறேன். ஒன்று மட்டும் உள்நாடு.

மலையகத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, போன் கேமராவிலேயே எடுத்த ஒரு சின்னப் படத்தைப் பரீனா எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்தார். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கொழும்பில் வேலை செய்கிற ஒரு பெண் லீவுக்கு வருகிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கித் தோட்டத்துக்கு நடக்கிறாள். வழியில், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் அவளை நிறுத்தி, "எப்ப வந்த? எளைச்சுப் போயிட்ட. சோறு திங்கிறியா இல்லியா?" என்று கேட்கிறார்கள். கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அவசரமே இல்லாத பேச்சு.

சேவியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முதல் தடவையாக ஒரு படத்தின் பேச்சு அவருக்கு முழுதாக விளங்கியது. அந்தப் பெண்கள் பேசியது அவருடைய அம்மா பேசிய பேச்சு. ஒவ்வொரு வரிக்கும் அவருடைய உதடு பின்னாலேயே அசைந்தது. "எப்ப... வந்த," என்றார். நிறுத்தி, மறுபடி போடச் சொன்னார். "எப்ப வந்த. எளைச்சுப் போயிட்ட." இடைவெளி இல்லாமல் வந்தது. அன்று பின்னேரம் முழுக்க, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் எப்ப வந்த என்று கேட்டார். மகள் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தபோது, "எளைச்சுப் போயிட்ட" என்றார். அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தில் போனைக் கீழே வைத்துவிட்டது. கொஞ்ச நேரம் அதன் வீட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேட்டீர்களே, சொல்கிறேன்

பெயர் சொல்ல முடியாது, நாங்கள் வைத்த பெயர்கள்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற படமும் பஸ் படமும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. அவை இரண்டும் எங்கள் வீட்டில் எப்போதும் முதலிடம். அடுத்தது நடுவர் படம். மலைக் கிராமத்தில் கால்பந்துப் போட்டி. நடுவராக நிற்பவனைப் பெற்ற தாயே எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று திட்டுகிறாள். அந்தத் திட்டு எந்த மொழியில் இருந்தாலும் எல்லோருக்கும் விளங்கும். சிரிக்க வேண்டிய நாளுக்கு இதைப் பாருங்கள்.

பாண் போடுகிற இரண்டு சகோதரிகளின் படம் பரீனாவுக்கு. வறண்ட தேசம், ஒரே அடுப்பு, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாவின் மேல் விரலால் அடையாளம் வைத்தே ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்கிறார்கள். பரீனா அதைப் பார்த்துவிட்டு, கம்பளையில் இருக்கிற தன் தாத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, அங்கேயே உட்கார்ந்து போன் எடுத்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. மத்தியானம் பார்க்க வேண்டிய படம், பசியோடு பார்க்கக் கூடாது.

வெள்ளையடிக்கிற படத்தைப் பற்றி எங்கள் வீட்டின் தீர்ப்பு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் மட்டும் அதற்கு நன்றி உள்ளவள்.

போன ஞாயிறு

இப்போது அவரிடம் நிறையச் சொற்கள் இருக்கின்றன. எல்லாம் நேராக வருவதில்லை. பெயர்கள் மாறும். என்னைச் சுனில் என்பார், சுனிலை ரீட்டா என்பார். சுனில் அதற்கு, "என்னங்க?" என்று என்னைப்போலவே பதில் கொடுப்பார். தமிழில் தொடங்கிய வாக்கியம் சிங்களத்தில் திரும்பி, நடுவில் ஒரு ஜெர்மன் சொல்லில் இடறி நிற்கும். கிளினிக் பெண் இன்னும் வருஷக்கணக்கில் எடுக்கும் என்கிறார். எடுக்கட்டும்.

போன ஞாயிறு நால்வரும் ஒரு புதுப் படம் போட்டோம். மீன்பிடிக் கிராமம். ஒரு பெண், கடலுக்குப் போன தம்பிக்காகக் கடற்கரையில் நிற்கிறாள். கடலில் ஒரு படகு வருகிறது. யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அது... அவ தம்பி இல்ல," என்றார் சேவியர். "பாருங்க. துடுப்பு... துடுப்பு பிடிக்கிற கை. அது வேற ஆள். தம்பி இடது..."

"ம்," என்றேன்.

"இவ சிரிக்கமாட்டா. இப்ப பாருங்க, திரும்புவா. அந்த... அந்த வீடு... கெதர..."

சுனில், "இல்ல மச்சான், தம்பிதான்" என்று தொடங்கினார். இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். துடுப்பு, கை, தொப்பி, காற்று எந்தப் பக்கம். திரையில் படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. என்னால் ஒன்றும் பார்க்க முடியவில்லை.

"ஐயோ, கொஞ்சம் பேசாம இருங்களேன்! படம் ஓடுது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. பரீனா வாயில் கையை வைத்துக்கொண்டார். சுனில் என்னைப் பார்த்தார். சேவியரும் திரும்பி என்னைப் பார்த்தார், புருவத்தை உயர்த்திக்கொண்டு, அந்தத் திருநாள் ஒலிபெருக்கிக்காரர் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படி.

"பேசுவேன்," என்றார்.

பேசினார். கடைசி வரைக்கும் பேசினார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு போட்டபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் படகில் வந்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே அந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும், நல்லதா மோசமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.